செய்வித்தலும் செயலே

கொல்லாமையைக் குறித்து நாம் பேசும்போதெல்லாம், கொல்பவன் ஒருவன், கொல்லப்படும் உயிர் ஒன்று என இரண்டை மட்டுமே மனத்திற் கொண்டு பேசுகிறோம். இவ்விரண்டிற்கும் இடையே கருவி ஒன்று நிற்பதுண்டு. அது வாளாக இருக்கலாம், வலையாக இருக்கலாம், மருந்தாகவும் இருக்கலாம். அக்கருவியே ஓர் உயிராக அமைந்துவிடுமாயின் அவ்வினையின் பயன் யாரைச் சாரும்?

இவ்வினா ஏட்டில் எழுந்ததன்று. என் வீட்டுத் திண்ணையில் எழுந்தது. கால்நடை மருத்துவம் பயிலும் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். சிறு வயதிலேயே அணுவிரதங்களை விரும்பி ஏற்றவள். செய்முறைப் பயிற்சியின்போது ஒரே நாளில் நாற்பது செம்மறியாடுகளுக்குக் குடற்புழு நீக்க மருந்தை வாய்வழியே ஊற்ற வேண்டியிருந்ததாம். அன்றிரவு அவளுக்கு உணவு இறங்கவில்லை. "பாட்டி, மருந்தை ஊற்றும்போது அந்தப் புழுக்களைக் கொல்பவள் நான்தான். ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு தடுப்பூசி வந்திருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் ஆட்டின் இரத்தமே புழுவை அழித்துவிடும். அப்போது கொல்பவள் நான் இல்லையே?" என்று கேட்டாள்.

நான் சற்றும் எண்ணிப் பாராமல், "ஆம் அம்மா, அதில் பாவம் குறைவுதான்" என்று விடையிறுத்துவிட்டேன். வினாவை முழுதும் உணருமுன் விடை கூறலாகாது என்று ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பல்லாண்டுகள் போதித்தவள், சொந்தப் பேத்தியிடம் அப்பாடத்தை மறந்துவிட்டேன். பின்னர் அவளிடமே கேட்டறிந்த செய்திகளாலும் நம் ஆன்றோர் நூல்களைப் புரட்டியதாலும் அவ்விடை பிழையெனத் தெளிந்தேன். அப்பிழையை இவ்விதழின் அன்பர்கள் முன் திருத்திக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புழுவும் ஆடும்

செம்மறியாடுகளை வருத்தும் புழுக்கள் பல. அவற்றுள் மிகக் கொடிய துன்பம் விளைப்பது ஹீமாங்கஸ் என்னும் புழு. அது ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி வாழ்கிறது. பெண்புழு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளமிருக்கும். இரத்தம் நிறைந்த சிவந்த குடலின்மீது வெண்ணிறக் கருப்பை முறுக்கிச் சுற்றியிருப்பதால், மேலைநாட்டு முடிதிருத்தகங்களின் வாயிலில் நிறுத்தப்படும் செவ்வெண் வரிக் கம்பத்தைப் போல் அது தோன்றும். ஆங்கிலத்தில் அக்கம்பத்தின் பெயராலேயே அதனை அழைக்கின்றனர். நம் நாட்டு ஆடுகளையும் பற்றுவது இதே புழுதான்.

ஒரு புழு நாள் ஒன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். ஓர் ஆட்டின் வயிற்றில் ஆயிரம் புழுக்கள் இருப்பின் நாள்தோறும் 50 மில்லிலிட்டர் இரத்தம் குறையும். கண்ணிமையின் உட்புறமும் ஈறும் வெளுக்கும். தாடையின் கீழ் நீர் கோத்துத் தொங்கும். நடக்க மாட்டாமல் ஆடு மந்தையின் பின்னே தங்கி விழும். குட்டிகளோ பலவேளை நோயின் குறி முற்றுமுன்னரே மடிந்துவிடும்.

பெண்புழு ஒரே நாளில் ஐயாயிரம் முதல் பதினாயிரம் முட்டைகள் வரை இடும். முட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் கூடியவிடத்துப் பொரிந்து, இளம்புழுக்களாகிப் புல்லின்மேல் ஏறி நிற்கும். அப்புல்லை மேயும் ஆட்டின் வயிற்றை அடைந்து, ஏறத்தாழ மூன்று வாரங்களில் முதிர்ந்து, தாமும் முட்டையிடத் தொடங்கும்.

புழுவை நம் சமயம் ஈரறிவுயிராக வகுத்துள்ளது. மெய்யுணர்வும் நாவுணர்வும் அதற்கு உண்டு. ஆடோ ஐயறிவுயிர். எனினும் புழுவுக்கு ஆட்டின்மேல் பகை ஏதுமில்லை என்பதை நாம் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். அதற்கு இருப்பது பசி ஒன்றே.

ஊசி பிறந்த வரலாறு

1961-ஆம் ஆண்டில் தயாபெண்டசோல் என்னும் மருந்து வந்தபோது, புழுக்கவலை இனி ஒழிந்தது என்றே ஆடு வளர்ப்போர் எண்ணினர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே அம்மருந்துக்கு மடியாத புழுக்கள் தோன்றின. 1981-இல் ஐவர்மெக்டின் வந்தது. அதற்கும் மடியாத புழுக்கள் அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே தென்னாப்பிரிக்காவில் காணப்பட்டன. 2009-இல் மோனபான்டெல் வந்தது. நான்கே ஆண்டுகளில் அதனையும் எதிர்த்து நிற்கும் புழுக்கள் நியூசிலாந்தில் கண்டறியப்பட்டன. மந்தை முழுவதற்கும் மருந்தூட்டி ஒரு புழுவும் எஞ்சாதவாறு அழிக்க முற்படுந்தோறும், அம்மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்ற சிலவே எஞ்சின. எஞ்சியவை அவ்வாற்றலைத் தம் வழித்தோன்றல்களுக்கு அளித்தன.

இந்நிலையில்தான் ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்தாரும் மேற்கு ஆஸ்திரேலிய வேளாண் துறையினரும் பல்லாண்டுகள் உழைத்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினர். பார்பர்வாக்ஸ் என்னும் பெயருடன் 2014-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அது ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. செம்மறியாட்டின் வயிற்றில் வாழும் புழு ஒன்றிற்கு எதிராக உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த தடுப்பூசி அதுவே.

அது தொழிற்படும் விதம் நுட்பமானது. புழுவினுடைய குடலின் உட்சுவரிலுள்ள புரதங்களே அவ்வூசியின் சாரம். இயல்பாக ஆட்டின் உடல் அப்புரதங்களைக் காண்பதில்லை. அவை புழுவினுள் மறைந்திருப்பவை. ஊசியின் வழியே அவற்றை அறிந்த ஆட்டின் உடல், அவற்றுக்கு எதிரான பொருளைத் தன் இரத்தத்தில் ஆக்கிக்கொள்கிறது. புழு இரத்தத்தைப் பருகும்போது அவ்வெதிர்ப்பொருளையும் சேர்த்தே பருகுகிறது. அது புழுவின் குடற்சுவரைப் பற்றிச் செரிமானத்தைக் கெடுக்கிறது. உண்டும் உண்ணாததாய்ப் புழு மெலிகிறது. முட்டையிடும் ஆற்றல் குன்றுகிறது. பல புழுக்கள் மடிந்து வெளியேறுகின்றன. மறைந்திருக்கும் புரதமாதலின், புழு வயிற்றிலிருப்பதால் மட்டும் ஆட்டுக்கு அவ்வெதிர்ப்பு நினைவில் நிற்பதில்லை. ஆகவே தொடக்கத்தில் மூன்று முறையும், பின்னர் புழுப்பருவம் முடியும்வரை ஆறு வாரங்களுக்கு ஒரு முறையும் ஊசியிட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கேட்டபின், "அந்தப் புரதம் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று பேத்தியிடம் வினவினேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தேடிப் படித்துவிட்டு நெடுநேரம் வாய் திறவாதிருந்தாள். செயற்கை முறையில் அப்புரதத்தை ஆக்கிப் பார்த்தும் அது போதிய பயன் தரவில்லையாம். ஆகவே சில ஆடுகளுக்கு வேண்டுமென்றே புழுவை ஊட்டி, வளர்ந்தபின் அவ்வாடுகளைக் கொன்று, வயிற்றிலிருந்து புழுக்களைத் திரட்டி, அவற்றிலிருந்து புரதத்தைப் பிரிக்கிறார்கள். ஓர் ஊசிக்கு வேண்டியது ஐந்து மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஆதலால் ஓர் ஆட்டின் புழுக்களிலிருந்து பல ஆயிரம் ஊசிகள் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆடுகளின் நலத்துக்கு ஓர் ஆட்டின் உயிர் விலையாகிறது.

நூற்றெட்டு வழிகள்

இப்பொழுது என் பேத்தியின் வினாவுக்குத் திரும்புவோம். ஊசியிட்டவள் கொல்லவில்லை, ஆட்டின் இரத்தமே கொன்றது என்று கொள்ளலாமா?

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வினை வந்து சேரும் வழிகளை எண்ணிக் காட்டுகிறார். எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், சொல், உடல் என மூன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை எனக் கஷாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் நூற்றெட்டாகும். நம் ஜபமாலையின் நூற்றெட்டு மணிகளுக்கும் இதனையே காரணமாகச் சான்றோர் கூறுவர். நாள்தோறும் மணிகளை உருட்டும் நாம், அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு செய்வித்தலுக்கு உரியது என்பதை நினைப்பதில்லை.

ஆட்டின் இரத்தத்துக்கு நோக்கமில்லை. ஆடும் தன்னுள் நிகழ்வதை அறியாது. நோக்கம் முழுவதும் ஊசியைப் பிடித்த கைக்கே உரியது. ஏவலனை விட்டுக் கொல்வித்த அரசன் தன் வாளில் குருதி படியவில்லை என்று கூறித் தப்ப முடியாது. அவ்வாறிருக்க, ஏவப்பட்டதையே அறியாத ஓர் உயிரைக் கருவியாக்கியவர் தப்புதல் எங்ஙனம்? வாயில் ஊற்றிய மருந்துக்கும் தோலினடியில் இட்ட ஊசிக்கும் கொல்பவர் யார் என்ற அளவில் வேற்றுமை இல்லை. நான் கூறிய விடையின் முதற்பிழை இது.

"ஆயிரம் புழுக்களினும் ஓர் ஆடு உயர்ந்ததன்றோ? ஆகவே ஆட்டைக் காக்கப் புழுவைக் கொல்வது அறமே" என்று கூறுவோர் உண்டு. இதற்கு நேர்மாறாக, "உயிர் யாவும் ஒன்றே, ஓர் ஆட்டுக்காக ஆயிரம் உயிரைக் கொல்லலாமா?" என்று வினவுவோரும் உண்டு. அமிர்தசந்திர ஆசாரியர் தமது புருஷார்த்த சித்தியுபாயத்தில் இவ்விரு கணக்கையும் ஏற்கவில்லை. பல சிற்றுயிர்களைக் கொல்வதினும் பேருயிர் ஒன்றைக் கொல்வது நன்று என்று எண்ணற்க என்கிறார். பிறவுயிர்க்குத் தீங்கு செய்யும் உயிரைக் கொன்றால் பல உயிர்கள் காக்கப்படும் என்று எண்ணியும் கொல்லற்க என்கிறார். முதற்கூற்றை நோக்கின், பல்லாயிரம் ஊசிகளுக்காக ஓர் ஆட்டைக் கொல்வதை எண்ணிக்கை கொண்டு நியாயப்படுத்த இயலாது. இரண்டாம் கூற்றை நோக்கின், ஆட்டைக் காக்கிறோம் என்று சொல்லிப் புழுவைக் கொல்வதற்கும் அறம் என்னும் பெயர் பொருந்தாது.

இரு கதவும் அடைபட்டன. அப்படியாயின் என் பேத்தி நோயுற்ற ஆட்டைக் கண்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

பட்டியைக் கட்டியவன்

இங்கேதான் நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். புழு ஆட்டைக் கொல்லும் அளவுக்குப் பெருகியது எதனால்?

பரந்த வெளியில் தன்போக்கில் திரியும் விலங்கு, தன் எருவை விட்டு நாள்தோறும் விலகிச் செல்கிறது. புல்லில் ஏறி நிற்கும் இளம்புழுக்களுள் மிகப் பலவற்றுக்கு ஆடே வந்து வாய்ப்பதில்லை. வேலியிட்ட நிலத்தில் பல ஆடுகளை அடைத்து, அதே நிலத்தில் திரும்பத் திரும்ப மேயவிட்டால், அவை தம் எருவின்மேலேயே மேய நேர்கிறது. ஆஸ்திரேலியாவை நோக்குவோம். அக்கண்டத்துக்குச் செம்மறியாடு இயற்கையாக உரியதன்று. 1788-இல் ஆங்கிலேயர் தம் முதற்கப்பல்களில் கொண்டு வந்து இறக்கினர். ஆட்டின் வயிற்றிலேயே புழுவும் அக்கண்டத்தை அடைந்தது. 1970-இல் அங்கே செம்மறியாடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பதினெட்டுக் கோடி. ஆட்டைக் கொண்டு சென்றவனும் மனிதன், வேலியிட்டவனும் மனிதன், கம்பளத்துக்கும் ஊனுக்குமாக அவற்றைப் பெருக்கியவனும் மனிதன். புழுவின் பெருக்கம் இவை யாவற்றின் விளைவு.

கொல்லாமை அணுவிரதத்துக்கு உமாசுவாமி ஆசாரியர் கூறும் ஐந்து அதிசாரங்களை இவ்விடத்து நினைவு கூர்தல் தகும். கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரமேற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பனவே அவ்வைந்து. இவை ஐந்தும் நம் கைவசமுள்ள உயிர்களுக்கு நாம் செய்யும் குற்றங்கள். காட்டில் திரியும் மானுக்கு நீர் வைக்கவில்லை என்பது விரதக்குறை ஆகாது. நம் தொழுவில் கட்டிய மாட்டுக்கு நீர் வைக்காதது குறையாகும். காரணம், கயிறு அதன் வழியை அடைத்துவிட்டது. விலகிச் செல்லும் உரிமையைப் பறித்தவன், விலகிச் சென்றிருந்தால் அது பெற்றிருக்கக்கூடிய நலத்துக்குக் கடன்பட்டவனாகிறான். பட்டிக்குள் அடைபட்ட ஆட்டைப் புழு தின்னும்போது மருந்திடாமல் நிற்பவன், "நான் புழுவைக் கொல்லவில்லை" என்று மகிழ இயலாது. ஆட்டை அடைத்ததன் பயனை அவன் துய்க்கிறான். அதன் கடனை மட்டும் மறுக்கிறான்.

துறவியர்க்கு இச்சிக்கல் இல்லை. அவர்களுக்கு ஆடு இல்லை. எனவே ஆட்டின் கடனும் இல்லை. நாம் இல்லறத்தார். நம்மவருட் பலர் வழிவழியாக உழவர். ஏர் ஓட்டும்போது மண்ணிலுள்ள உயிர்கள் மடிவதை அறிந்தே ஓட்டுகிறோம். சங்கற்பித்துக் கொல்வதை முற்றும் விலக்கி, தொழிலாலும் இல்வாழ்வாலும் நேரும் ஹிம்சையை இயன்ற அளவு குறைத்தலே இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட நெறி. ஏர் ஓட்டுதல் அறம் என்று எந்த ஆசாரியரும் கூறவில்லை. ஏர் ஓட்டுபவன் அறத்திற்குப் புறம்பானவன் என்றும் கூறவில்லை. புழுவுக்கு மருந்திடுதலும் இவ்வகையைச் சார்ந்ததே.

"நாளை கசாப்புக்குச் செல்லும் ஆட்டை இன்று நோயினின்று காப்பதில் என்ன கருணை?" என்று சிலர் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் இவ்வூசி ஊனையும் கம்பளத்தையும் கருதியே விற்கப்படுகிறது என்பது உண்மை. ஆயினும் இன்று ஆடு படும் துன்பம் இன்றைய துன்பமே. நாளைய கொலையைக் காட்டி அதனை ஒதுக்கலாகாது. அன்றியும், கொலையே இல்லாத இடத்தும் இவ்வினா ஒழிவதில்லை. நம்மவர் நடத்தும் பிஞ்சராப்போல்களில் ஆடுகள் மூப்பெய்தி இயல்பாகவே இறக்கின்றன. அங்கும் வேலி உண்டு. அங்கும் புழு உண்டு.

குறைத்தலே நெறி

கடனைச் செலுத்துவதிலும் அளவு உண்டு. இதில் அறிவியலே இன்று நமக்குத் துணையாக வந்திருப்பதைக் கண்டு வியந்தேன்.

தென்னாப்பிரிக்காவில் 1990-களில் ஃபமாச்சா என்னும் வண்ண அட்டை ஒன்றை வகுத்தனர். ஆட்டின் கீழ்க்கண்ணிமையை மெல்லத் திறந்து, அதன் நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு முதல் நிலை. வெளிறிய வெண்மை ஐந்தாம் நிலை. வெளுத்த இமையுடைய ஆடுகளுக்கு மட்டுமே மருந்து, மற்றவற்றுக்கு இல்லை. மந்தையின் புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளிலேயே இருப்பதால், எல்லா ஆடுகளுக்கும் மருந்தூட்டத் தேவையில்லை. மருந்து படாத புழுக்கள் சில எஞ்சியிருப்பதே நன்மை என்றும் ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். அவை மருந்தைத் தாங்கும் புழுக்களோடு கலப்பதால் மருந்தின் ஆற்றல் நெடுநாள் நிலைக்கிறது. முற்றும் அழிக்க முயன்றோர் தோற்றனர். வேண்டிய அளவோடு நிறுத்தியோர் பயன் கண்டனர்.

மேய்ச்சல் நிலத்தை ஓய்வாக விடுதல் மற்றொரு வழி. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் இளம்புழுக்கள் புல்லில் சில வாரங்களே உயிரோடிருக்கும். அதுவரை ஆடுகளை வேறிடத்தில் மேய்த்தால், அவை இயல்பாகவே முடிந்துவிடும். இதுவும் பட்டினியிட்டுக் கொல்வதாகாதா என்று என் பேத்தி கேட்டாள். நல்ல வினா. ஆனால் அப்புழுவை நாம் கட்டி வைக்கவில்லை. திறந்த வெளியில் பெரும்பாலான இளம்புழுக்களுக்கு நேர்வதே அதற்கும் நேர்கிறது. அதன் உணவை நாம் பறிக்கவில்லை. ஆட்டுக்கு அதன் நடையைத் திருப்பித் தருகிறோம். இவ்வழிகளோடு, சுந்தரவனத்துக் கரோல் ஆடு போன்று இப்புழுவை இயல்பாகவே தாங்கும் இனங்களை வளர்ப்பதும், நிலம் தாங்கும் அளவுக்கு மட்டுமே ஆடுகளை வைத்திருப்பதும் சேருமாயின், மருந்துக்கும் ஊசிக்கும் தேவை பெரிதும் குறையும்.

தடுப்பூசியையும் இவ்வரிசையில் வைத்தே மதிப்பிட வேண்டும். முட்டைகளின் எண்ணிக்கையை அது பெருமளவு குறைப்பதால், பிறந்து மடியும் புழுக்கள் குறைகின்றன. மருந்தூட்டும் முறைகளும் குறைகின்றன. அது அதன் நன்மை. கொல்பவர் நாமல்லர் என்னும் ஆறுதலை அது தருமாயின், அவ்வாறுதல் பொய். கொன்றதை உணர்ந்த கை, அடுத்தமுறை சற்றுத் தயங்கும். இமையைத் திறந்து பார்க்கும். கொல்லவில்லை என்று நம்பிய கைக்குத் தயங்கக் காரணமே இல்லை. நான் பேத்திக்குச் சொன்ன முதல் விடையின் பெருந்தீங்கு இதுவே.

விடுமுறை முடிந்து அவள் திரும்பியபின் ஒரு கடிதம் எழுதினேன். "மருந்திடு. அது உன் கடன். ஆனால் அதனை அறம் என்று சொல்லாதே. ஹிம்சை இல்லை என்றும் சொல்லாதே. வேண்டிய ஆட்டுக்கு மட்டும் இடு. மாலையில் பிரதிக்கிரமணத்தின்போது அன்று மடிந்த ஈரறிவுயிர்களையும் நினை. உன்னிடம் ஆலோசனை கேட்போரிடம் மருந்தைப் பற்றிச் சொல்லுமுன் வேலியைப் பற்றிச் சொல்" என்று எழுதினேன். ஊசிக்காகக் கொல்லப்படும் அந்த ஓர் ஆட்டைக் குறித்து எழுத முற்பட்டு, இருமுறை அடித்துவிட்டேன். அது சங்கற்ப ஹிம்சை. அதனை எந்த நன்மையின் பெயராலும் நான் ஏற்க இயலவில்லை. அவ்வூசியால் நோய் நீங்கிய ஆட்டை எண்ணும்போது மனம் மகிழ்வதையும் தடுக்க இயலவில்லை. அம்மகிழ்ச்சி உடன்படுதல் என்னும் மூன்றாவது வழியில் சேருமோ என்னும் அச்சம் எனக்கு இன்னும் உண்டு. அறிந்த பெரியோர் தெளிவிப்பாராக.

திருமலையில் நேமிநாதர் திருவுருவின் முன் நிற்கும்போதெல்லாம் அவர் திருமணக் கோலத்தில் தேரேறி வந்த காட்சியே என் மனத்தில் எழும். விருந்துக்கென்று அடைத்து வைத்த விலங்குகளின் குரல் அவர் செவியில் விழுந்தது. அவற்றுள் எதனைக் கொல்லலாம், எதனை விடலாம் என்று அவர் கணக்கிடவில்லை, பட்டி எதற்கு என்று கேட்டார், தேரைத் திருப்பினார். நாம் தேரைத் திருப்பும் ஆற்றல் இல்லாதவர்கள். பட்டி எதற்கு, அதில் எத்தனை உயிர் என்று கேட்கும் ஆற்றலேனும் நமக்கு உண்டு. அக்கேள்வியை விடாதிருப்போமாக.